மோட்டாரை நிறுத்துங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் விட்ட இடத்தில் மழை இன்னும் நிற்கவில்லை.

ஜீவனஹள்ளியில் விடியற்காலை பிடித்த மழை. தியோடர் வீட்டுக் கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகி, மூன்று இடத்திலும் பாத்திரம் வைத்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த போன் அடிப்பதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

தெரியாத எண். காலையிலிருந்து நாலாவது தடவை.

சிவப்பை அழுத்தினார்.

அறுபத்தெட்டு வயதில் தியோடர் யாரையும் நம்புவதில்லை. போனில் பேசுகிறவனை அறவே நம்புவதில்லை. கரண்ட் ஆபீஸ் என்பான், பேங்க் என்பான், போலீஸ் என்பான், கடைசியில் ஒரு நம்பரைச் சொல்லச் சொல்லுவான். எவனோ ஒருத்தன் நாலு தடவை கூப்பிட்டால் அவன் திருடன் இல்லாமல் வேறு யார்?

"வேற வேல இல்லியாடா உனக்கு?" என்று அணைந்த திரையைப் பார்த்துத் திட்டினார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி ஜோவிதாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் உபவாச ஜெபம். பத்து மணிக்கு ஜெபவீட்டுக்குப் போனால் இரண்டுக்குத்தான் வருவாள். மகன் டென்சில் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. சந்தாபுராப் பெண் ஒருத்தியை, வீணா என்று பெயர், ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். பெண் இந்து என்பதில் தியோடருக்குச் சண்டை இல்லை. அவரே சர்ச்சுக்குப் போகிறவர் இல்லை. பெற்ற அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள், அதுதான் கொதித்தது. தெருமுனை இஸ்திரிக்காரன் சொல்லி அவருக்குத் தெரியவந்தது.

"என்ன நம்பாத பய எனக்கு மகன் இல்ல" என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அதற்குப் பிறகு அவன் முகத்திலும் விழிக்கவில்லை, அந்தப் பெண்ணிடமும் பேசவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு இடிபட்டது. திறந்தால், அந்தப் பெண்தான். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு நின்றாள்.

"போன ஏன் மாமா எடுக்க மாட்டேன்றீங்க?"

"நீ யாரு எனக்கு போன் பண்றதுக்கு?"

"நான் பண்ணல. நாலு தடவையும் வாட்ச்மேன் பண்ணது." வீணாவுக்கு மூச்சு வாங்கியது. "அவரு வேல செய்ற அபார்ட்மெண்ட்ல தண்ணி பூந்துருச்சு மாமா. கீழ போனவரு மேல வரல."

தியோடர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சொன்னது இவ்வளவுதான். டென்சில் லிஃப்ட் மெக்கானிக். ஹொரமாவு பக்கம் ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரமாக ஒரு பெரிய குடியிருப்பு. பலத்த மழை வந்தால் மெக்கானிக் போய் லிஃப்டையெல்லாம் மேல் மாடிக்கு ஏற்றி நிறுத்திவிட்டு கரண்டை அணைக்க வேண்டும். அதற்காகக் காலையில் போனான். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான். பத்தே முக்காலுக்குக் கால்வாய்ச் சுவர் விழுந்தது. தண்ணீர் வருவதைப் பார்த்தும், என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடியும் கீழே கார் நிறுத்துகிற தளத்துக்கு இறங்கினான். அங்கே தரைக்குக் கீழே இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு அரைமணி நேரத்தில் ரொம்பிவிட்டது.

"எனக்கு அஞ்சு தடவ கூப்பிட்டிருக்காரு. எங்க ஃப்ளோர்ல போன் உள்ள விடமாட்டாங்க மாமா, கிரெடிட் கார்டு டிபார்ட்மெண்டு, லாக்கர்ல வச்சிட்டுத்தான் போணும். பதினொன்ற மணி பிரேக்ல தொறந்து பாத்தா..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வாட்ச்மேனுக்கு என் நம்பர் எப்படிக் கெடச்சுது?"

அந்த நேரத்திலும் அவருக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. பழகிப்போன புத்தி.

"அவரு கேட்டுல குடுத்துட்டுப் போன கம்பெனி கார்டுல இருக்கு. அவசரத்துக்கு யாருக்குச் சொல்லணும்னு போட்டிருக்கற எடத்துல உங்க நம்பர்தான் இருக்கு. என்னோடது இல்ல. நானே கேட்டேன், மாத்துங்கன்னு. மாத்த மாட்டேன்னுட்டாரு."

தியோடர் உள்ளே போனார். சட்டையை மாட்டினார். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. அப்படியே கிளம்பினார்.

"அத்தைக்கும் கண்டிப்பா கூப்பிட்டிருப்பாரு மாமா. நான் எடுக்கலன்னா அத்தைக்குத்தான் பண்ணுவாரு. தெனம் பேசுவாங்க."

"தெனமுமா?"

"நீங்க குளிக்கப் போற நேரத்துல."

மற்ற நாளாக இருந்தால் அந்தச் செய்திக்கே அந்த வீடு இரண்டுபட்டிருக்கும்.

*

ஜெபவீடு என்பது மாவு மில்லுக்கு மேலே உள்ள ஒரு கூடம். கீழே மெஷின் ஓடும் சத்தம், மேலே தகரத்தில் மழை, நடுவில் நாற்பது பெண்கள் கைதட்டி உரக்க ஜெபித்தார்கள். இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

வாசல்படி தாண்டி தியோடர் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. ஜோவிதாவைக் கொண்டுவந்து விடுவார், எதிரே டீக்கடையில் நிற்பார், அவ்வளவுதான். இன்றைக்கு ஈரச் செருப்போடு பாய்மேல் ஏறினார். முன்வரிசையில் முழங்காலில் இருந்த ஜோவிதா கண்ணைத் திறந்து, கணவனையும் பின்னால் மருமகளையும் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள் என்றால் நல்லதுக்கு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

"உன் போன் எங்க?"

"இன்னாங்க? யாருக்கு என்ன?"

"போன் எங்கடீ!"

போன் கூடையில் இருந்தது. கூடை பீரோவில் இருந்தது. பீரோ சாவி ஜோவிதா இடுப்பில் இருந்தது.

இது ஜோவிதாவே கொண்டுவந்த சட்டம். ஜனவரியில் ஒரு நாள், எல்லாரும் கண்ணீரோடு ஜெபிக்கும் நேரத்தில் ஒருத்தியின் போனில் சினிமாப்பாட்டு அலறியது. அடுத்த வாரமே ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கிவந்தாள். உள்ளே வரும்போது போனைப் போடு, ஜெபம் முடிந்ததும் எடுத்துக்கொள். "நாலு மணி நேரம் கர்த்தர்கிட்ட மட்டும் பேசுங்க சிஸ்டர், உலகம் முங்கிப்போயிடாது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சாவி பூட்டுத் துவாரத்தில் ஏறவில்லை. வீணா வாங்கித் திறந்தாள்.

ஏழு அழைப்பு. ஒரு குரல் செய்தி, பத்து ஐம்பத்தெட்டுக்கு வந்தது. ஜோவிதா அதை அழுத்தினாள். ஜெபம் நின்றது. நாற்பது பெண்களும் கேட்டார்கள்.

"அம்மா... எடும்மா. தண்ணி சர்ருன்னு வந்துருச்சு. வண்டி எறங்குற சரிவு வழியா போக முடியல. லிஃப்ட் குழிக்குள்ள பூந்துட்டேன். கம்பியப் புடிச்சு நிக்கிறேன். வீணாகிட்ட பயப்படாதேன்னு சொல்லு. நீ ஜெபம் பண்ணும்மா, நீ பண்ணா..."

அதோடு அறுந்தது.

"நான் ஜெபந்தானே பண்ணிட்டு இருந்தேன்" என்றாள் ஜோவிதா, யாரிடமோ நியாயம் கேட்கிற மாதிரி. "அவன் பண்ணச் சொன்னதத்தானே பண்ணிட்டு இருந்தேன். இதே நேரத்துல. இங்கயே."

தியோடர் வாயில் விஷம் வந்தது. "காலையில இருந்து பேசினியே, அந்த ஆண்டவரு சொல்லக் கூடாதா? போன எடுடீ, உன் புள்ள கூப்புடறான்னு?"

ஜோவிதா நிமிர்ந்தாள். அழவில்லை.

"நீங்க எடுத்தீங்களா?"

தியோடர் வாசல் பக்கம் திரும்பினார்.

பாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். ஒரு பெண் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து ஜோவிதாவின் கையில் குடையைத் திணித்தாள். "ஓடுங்க சிஸ்டர். நாங்க எழுந்திருக்க மாட்டோம். அவன் வெளிய வர்ற வரைக்கும் இந்த முழங்கால் எழுந்திருக்காது."

*

ஆட்டோவில் மூன்று பேர். நடுவில் ஜோவிதா, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைந்தது.

தியோடர் முப்பத்தி நாலு வருஷம் லிஃப்ட் ஃபிட்டர். அந்தக் குழிகள் அவருக்குத் தன் வீட்டு மாடிப்படி மாதிரி. பெட்டி மேலே நின்றால் உள்ளே மிச்சம் இருப்பது வெறும் இருட்டுக் கிணறு. சுவரோரம் இரும்புத் தண்டவாளம் செங்குத்தாகப் போகும். அதைச் சுவரோடு பிடித்து வைக்க நாலைந்து அடிக்கு ஒரு இரும்புத்தாங்கி இருக்கும். கால் வைத்து ஏறலாம். தரைத்தளக் கதவை வெளியிலிருந்து திறக்கத்தான் சாவி வேண்டும், உள்ளேயிருந்து கொக்கியைக் கையாலேயே தள்ளலாம். வேலை தெரிந்தவனுக்கு இரண்டு நிமிஷம்.

இரண்டு நிமிஷ வேலை. அவன் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

அப்படியானால் ஏன் வரவில்லை? அதற்கு ஒரே பதில்தான் அவருக்குத் தோன்றியது. அதை இரண்டு பெண்களிடமும் சொல்லவில்லை.

"அத்த" என்றாள் வீணா மெதுவாக. "நான் எங்க ஊர் மாரியம்மாக்கு வேண்டிக்கினேன். மஞ்சத்துணி முடிஞ்சு வச்சிருக்கேன். உங்களுக்குக் கோவமா?"

ஜோவிதா கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு அதில் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கையை நீட்டி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒருத்தரத்தான் தெரியும்மா. நான் அவரத்தான் கேப்பேன். நீ என் கைய விடாதே."

ரயில் பாலத்துக்கு அடியில் ஆட்டோ நின்றது. முன்னால் ஒரு கார் கூரை மட்டும் தெரிந்தது.

"இதுக்கு மேல வண்டி போகாது தாத்தா" என்றான் டிரைவர்.

இறங்கி, ஓரத்து மேட்டைப் பிடித்து நடந்தார்கள். முழங்கால் தண்ணீர். கருப்புத் தண்ணீர். தியோடர் முன்னால் காலால் துழாவிக்கொண்டே போனார். பின்னால் இரண்டு பேரும் கைகோத்து வந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர். போய்ச் சேரும்போது மணி ஒன்று இருபது.

*

நாலு கட்டடம். ஒவ்வொன்றிலும் இரண்டு லிஃப்ட். வாசலில் தீயணைப்பு வண்டி. ஆறு மோட்டார் தண்ணீர் இறைத்தன. ஒவ்வொன்றும் டீசலைக் குடித்துவிட்டுப் பேய்போலக் கத்தின. பக்கத்தில் நிற்கிறவனோடு பேசவே காதில் வாய் வைக்க வேண்டியிருந்தது.

தீயணைப்பு அதிகாரி கன்னடக்காரர். நனைந்த காக்கி, சிவந்த கண். அவர் ஆட்கள் மேல் அடுக்கில், வண்டிகளுக்கு நடுவில், ரப்பர் படகு விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க இல்ல" என்று தியோடர் அவர் காதில் கத்தினார். "லிஃப்ட் குழியில இருக்கான். போன்ல சொல்லியிருக்கான்."

"எந்த லிஃப்டு யஜமான்ரே? எட்டு இருக்கு."

"தெரியாது."

"சாவி?"

"மெக்கானிக்கிட்டதான் இருக்குமாம்" என்றார் வாட்ச்மேன். நாலு தடவை போன் செய்தவர் அவர்தான். தியோடரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடப்பாரையால் நெம்பினார்கள். முதல் கதவுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. உள்ளே டார்ச் அடித்தால் பத்துப் பன்னிரண்டு அடி கீழே தண்ணீர், அதில் ஒரு செருப்பும் எண்ணெயும் மிதந்தன. ஆள் இல்லை. தியோடர் கத்திப் பார்த்தார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

இன்னும் ஏழு கதவு. கதவுக்குப் பதினைந்து நிமிஷம். தண்ணீர் இறைக்க இறைக்க ஏறிக்கொண்டிருந்தது.

தியோடர் அதிகாரியின் கையைப் பிடித்தார். "மோட்டார நிறுத்துங்க."

"ஏனு?"

"எல்லாத்தயும் நிறுத்துங்க. ஜெனரேட்டரும். ரெண்டே நிமிஷம். அவன் உயிரோட இருந்தா இரும்பத் தட்டுவான். குழியில மாட்டினவன் கத்த மாட்டான், தட்டுவான். அதான் வழக்கம். இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அதிகாரி தலையை ஆட்டினார். "மோட்டார் நின்னா தண்ணி சர்ருனு ஏறும். கால்வாய் இன்னும் உள்ளதான் பர்தா இதே, வந்துட்டே இருக்கு. உங்க மகனுக்கு இப்ப மூக்கு வரைக்கும் தண்ணி இருந்தா? ரெண்டு நிமிஷத்துல நானே அவர முக்கின மாதிரி."

அதில் பொய் இல்லை. அதுதான் தியோடருக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

"வீட்டுக்காரங்க நீங்க சொல்லுங்க, செய்றேன்" என்றார் அதிகாரி. "அப்புறம் என்ன கேக்கக் கூடாது."

தியோடர் வாயைத் திறந்தார். பிறத்தியாரை நம்பாத மனுஷன் தன்னையாவது நம்பவேண்டும். அன்றைக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. காலையில் நாலு தடவை சிவப்பை அழுத்திய விரல் அது. திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. உன் புருஷன்."

பதினாலு மாதத்தில் அவர் அவளை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. வீணா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் ஜோவிதாவைப் பார்த்தாள்.

ஜோவிதா தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"காலையில இருந்து நான் பேசிட்டே இருந்துட்டேன்" என்றாள். "அவன் கூப்புட்டது எனக்குக் கேக்கல. நிறுத்துங்க. கேப்போம். கர்த்தர் அந்த ரெண்டு நிமிஷம் அவனத் தாங்குவாரு."

"தாங்கலன்னா?" என்றார் தியோடர்.

"தாங்கலன்னாலும் அவரத்தான் நான் கேக்கணும். வேற யாரக் கேக்கச் சொல்றீங்க?"

அதிகாரி ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஏழு லிஃப்ட் கதவிலும் ஒவ்வொருவராகக் காதை வைத்து நின்றார்கள். குடியிருப்புக்காரர்கள், ஒரு பால்காரர், வாட்ச்மேன். மூன்றாவது கட்டடத்தில் ஒரு கதவில் தியோடர், பக்கத்துக் கதவில் வீணா.

"ஜோவி, சத்தம் கூடாது" என்றார் தியோடர். "ஜெபமும் வாய்விட்டுப் பண்ணாதே."

வாய்விட்டு அழுது ஜெபிப்பதைத் தவிர வேறு ஜெபம் தெரியாத பெண் அவள். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மோட்டார் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஜெனரேட்டரும் நின்றது.

அப்படி ஒரு அமைதி. தூறல் கேட்டது. கீழே தண்ணீர் சுவரை நக்குவது கேட்டது. எங்கோ மாடியில் ஒரு குழந்தை அழ, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

தியோடர் நெற்றியைக் குளிர்ந்த கதவில் வைத்திருந்தார். ஒன்றும் இல்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் இருந்தாள். டென்சிலுக்கு மூத்தவள். ஒன்பது நாள் காய்ச்சல். ஒன்பது நாளும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் இருந்தார். பத்தாம் நாள் எழுந்தவர், அதற்குப் பிறகு யாருக்கும் முழங்கால் போடவில்லை. கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள்களோடு ஆண்டவரையும் சேர்த்து வைத்துவிட்டார்.

இப்போதும் முழங்கால் போடவில்லை. கதவோடு பேசினார், உள்ளுக்குள்ளே.

'நான் உன்ன நம்பல. உனக்கே தெரியும். அந்தக் குட்டிக்குக் கேட்டேன், நீ குடுக்கல. ஏன்னு நீ இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஆனா எனக்கு இப்ப வேற ஆள் இல்ல. என் பொண்டாட்டி உன்ன நம்பி மோட்டார நிறுத்தச் சொல்லிட்டா. எனக்காக வேணாம். அவளுக்கு முன்னால நீ பொய்யனா நிக்காதே.'

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிஷம். கையைத் தூக்கப் போனார்.

வீணா முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். கத்தவில்லை. கையை மட்டும் தூக்கி, கண்ணை அகல விரித்து நின்றாள். தியோடர் ஓடிப்போய் அவள் கதவில் காதை வைத்தார்.

டக். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டக் டக்.

இரும்பில் இரும்பு.

*

கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆனதென்று அவருக்குத் தெரியாது. மறுபடியும் மோட்டார்கள் அலறின. இடுக்கு விழுந்ததும் டார்ச்சை நீட்டிப் படுத்தார்.

எட்டடி கீழே, மார்பளவு தண்ணீரில், மகன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண், நீலச் சீருடை, தண்டவாளத்தோடு சேர்த்து இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. டென்சிலின் பாதுகாப்பு பெல்ட். அவள் தலை தொங்கிவிடாமல் அவன் தோளில் தாங்கியிருந்தான்.

"அப்பா?" என்றான். நம்பாத குரல்.

"ஏன்டா மேல வரல! ரெண்டு நிமிஷ வேலடா அது!"

"இவங்களுக்குக் கால் ஒடஞ்சிருச்சுப்பா. ஃபாத்திமாம்மா. இங்க பெருக்கறவங்க. துணி மாத்துற ரூம் கீழதான் இருக்குது, உள்ள மாட்டிக்கினாங்க. வுட்டுட்டு ஏறினா தண்ணிக்குள்ள கவுந்துடுவாங்க."

அதற்காகத்தான் மறுபடியும் இறங்கியிருக்கிறான். தியோடருக்கு அது அப்போதுதான் விளங்கியது.

அதிகாரி கயிற்றை இறக்கினார்.

"நீ மொதல்ல வா" என்று கத்தினார் தியோடர். அவர் அப்படித்தான் கத்தினார். நல்லவராகக் காட்டுவதற்காக இங்கே மாற்றி எழுதப் போவதில்லை. "கயிறப் புடிடா! அந்தம்மாவுக்கு பெல்ட் இருக்கு!"

"கத்தாதீங்கப்பா. அவங்களுக்கு மொதல்ல."

கயிற்றை ஃபாத்திமாவின் அக்குளில் கொடுத்து முடிச்சுப் போட அவன் பட்ட பாடு. விரல் மடங்கவில்லை. பல்லால் இழுத்தான். பெல்ட்டைக் கழற்றினான். மேலே ஆறேழு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவள் விளிம்புக்கு வந்ததும் வீணாவும் ஜோவிதாவும் வாரி எடுத்துத் தரையில் கிடத்தினார்கள்.

"யா அல்லாஹ்" என்று நடுங்கினாள் ஃபாத்திமா. வீணாவின் கையை விடவில்லை. "சீக்கிரம் எடுங்கம்மா அந்தத் தம்பிய. கையி ரெண்டும் மரத்துப்போச்சு அவருக்கு. ஸ்பானர புடிக்க முடியலன்னு என் கையிலதான் குடுத்தாரு. தட்டினது நானு."

தியோடர் கயிற்றைப் பிடுங்காத குறையாக வாங்கி மறுபடியும் உள்ளே விட்டார்.

"டென்சில், புடிச்சுக்கோ!"

கயிறு தண்ணீரில் விழுந்தது. யாரும் பிடிக்கவில்லை.

டார்ச் அடித்தார். தண்டவாளம் இருந்தது. காலி பெல்ட் தாங்கியில் தொங்கியது. தண்ணீர் இருந்தது. அவன் இல்லை.

அதிகாரி வாக்கி-டாக்கியில் கத்தினார். முங்குகிற ஆள் முதல் கட்டடத்துப் பக்கம் படகில் இருந்தார். வர இரண்டு நிமிஷம் ஆகும்.

தியோடர் கயிற்றை மேலே இழுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மறு நுனி யார் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. முப்பத்தி நாலு வருஷ வேலையில் வேறொருவன் போட்ட முடிச்சில் அவர் தொங்கியதே கிடையாது. தானே இழுத்துப் பார்க்காமல் ஒரு ஏணியில் கூடக் காலை வைக்காதவர்.

"யஜமான்ரே, பேடா! நீங்க போகக் கூடாது!"

"ஏங்க!" என்றாள் ஜோவிதா.

"இழுன்னா இழுங்க" என்று சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து இறங்கினார்.

தண்ணீர் குளிரில் நெஞ்சைப் பிடித்தது. டீசல் நாற்றம். அவருக்கு நீச்சல் தெரியாது. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினார். இருட்டு. காலால் துழாவினார், கையால் துழாவினார். சுவர், இரும்பு, ஏதோ ஒயர். மூச்சு முட்டி மேலே வந்தார். மறுபடியும் முங்கினார்.

இந்தத் தடவை துணி தட்டுப்பட்டது. சட்டை. இழுத்தார். வந்தது. காலரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். மகன் தலை அவர் மார்பில் சாய்ந்தது. கண் பாதி திறந்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வெளிச்சமும் இல்லை, நேரமும் இல்லை.

"டேய். டேய் டென்சில்."

பதில் இல்லை.

"இழுங்க!" என்று கத்தினார். குரல் எழும்பவில்லை. மேலே மோட்டார் சத்தம். இவர் கத்தியது அவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"ஆண்டவரே" என்றார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னது. "என் கையில பெலம் இல்ல. நீ புடிச்சுக்கோ. இவன நீ புடிச்சுக்கோ."

இடுப்பில் கயிறு இறுகியது. தன் ஒருத்தன் எடைக்கு அது அவ்வளவு இறுகாது; மகனும் கூடவே மேலே வந்துகொண்டிருந்தான்.